செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

மகள் வீட்டுச் சமையலறையில் இரண்டு குடங்கள் இருந்தன. ஒன்று பிளாஸ்டிக், புழங்குவதற்கு. இன்னொன்று எவர்சில்வர். அதைத் தட்டுப் போட்டு மூடி, மேலே ஒரு டம்ளரைக் கவிழ்த்து, சாமிக்கு எடுத்து வைத்ததுபோல ஓரமாக வைத்திருந்தாள். சிதம்பரத்துக்கு வெளியே, வயலைத் தூர்த்து மனை போட்ட ஒரு நகரில் அவள் வீடு. கடலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பில் நான் எவர்சில்வர் குடத்தைத் திறந்தேன்.

"பாத்து மொண்டுக்கம்மா. அது லேப் தண்ணி. அடுத்த செவ்வாக்கெழம வரைக்கும் வரணும்."

முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கத்தின் தண்ணீர் ஆய்வகங்களில் வேலை பார்த்து, தலைமைப் பகுப்பாய்வாளராக ஓய்வு பெற்றவள் நான். லேப் தண்ணீர் என்று ஒரு தண்ணீர் இருப்பதை அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

"அது என்னாடி லேப் தண்ணி?"

"உனக்குத் தெரியாததா? செவ்வாக்கெழம கடலூர்லேர்ந்து லேப் வண்டி வருதுல்ல. அன்னிக்கி டேங்க் ஆபரேட்டரு குளோரின் பவுடர் போட்டு நல்ல தண்ணியா விடுவாரு. தெருவே புடிச்சி வெச்சிக்கும். மத்த நாள் தண்ணி துணி தொவைக்க, பாத்திரம் கழுவ."

எட்டாம் மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு சுவரில் சாய்ந்தபடி, கடைக்காரர் சலுகை சொல்வதுபோல இதைச் சொன்னாள். நான் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். தாகம் போய்விட்டது.

அந்த வண்டியைச் செவ்வாய்க்கிழமை வரவைத்தவள் நான்தான்.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சிறிய ஆய்வகங்களை மாவட்டத் தலைநகர ஆய்வகத்தோடு இணைத்தால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று துறை கேட்டது. சிதம்பரத்தில் எங்களுக்கு ஒரு ஆய்வகம் இருந்தது. ஒரு கிடங்கின் மாடியில் மூன்று அறைகள், ஒரு பகுப்பாய்வாளர், ஒரு உதவியாளர், கதவு சரியாக மூடாத ஒரு இன்குபேட்டர். அதைக் கடலூரோடு சேர்க்கலாமா என்று குறிப்பு எழுதும் வேலை என் மேசைக்கு வந்தது. அலுவலகத்தில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்கிறவருக்குக் கிடைக்கும் பரிசு இன்னொரு வேலை.

தாளின் நடுவில் கோடு போட்டு இடப்பக்கம் நன்மைகள், வலப்பக்கம் பாதகங்கள் என்று எழுதினேன். நன்மைகள் பொய்யில்லை. சிதம்பரத்தில் கரண்ட் போனால், கிருமி இருக்கிறதா என்று பார்க்க இன்குபேட்டரில் சூட்டில் வைத்த தண்ணீர் மாதிரிகள் எல்லாம் வீண். பகுப்பாய்வாளர் பிள்ளைக்கு மொட்டை போடத் திருப்பதி போனால் ஆய்வகத்துக்குப் பூட்டு. உலோகங்களைக் கண்டுபிடிக்கும் கருவி அங்கே கிடையாது. கடலூரில் உண்டு. அது இல்லாத ஊரில் கிணற்றில் ஈயம் இருந்தாலும் இல்லை என்றுதான் எழுதவேண்டும். இதையெல்லாம் எழுதினேன். இன்றைக்கு எழுதச் சொன்னாலும் எழுதுவேன்.

பாதகங்களில் தூரத்தை எழுதினேன். கிருமிச் சோதனைக்கான தண்ணீர் ஒரு நாளைக்குள் ஆய்வகம் வந்து சேரவேண்டும், ஐஸில் வரவேண்டும். அதற்குத் தீர்வாக ஐஸ் பெட்டி வைத்த வண்டி, பகுதிக்கு ஒரு நிலையான கிழமை, அதற்கு ஓர் அட்டவணை. அட்டவணையை நானே கட்டம் கட்டி வண்ணம் தீட்டினேன். சிதம்பரம் சுற்றுவட்டாரத்துக்குச் செவ்வாய், பண்ருட்டிக்கு வெள்ளி. மேலதிகாரி பார்த்துவிட்டு, "இதுக்கு மேல என்னங்க வேணும்" என்றார்.

வேண்டியிருந்த ஒன்று சிதம்பரத்து உதவியாளரிடம் இருந்தது. அதற்கு என் தாளில் இடம் இல்லை. அந்த மனிதர் மாதிரி எடுக்கப் போவது அவர் வீட்டில் காய்கறி தீரும் நாளில். சைக்கிளில் கிளம்புவார், வழியில் ஏதாவது ஒரு நகரின் குழாயில் புட்டி நிரப்புவார், அப்படியே மார்க்கெட் போய்க் கத்தரிக்காய் வாங்கி வருவார். நான் ஆய்வுக்குப் போன ஒரு நாள், காய்கறிப் பையிலிருந்து முருங்கைக்காயோடு சேர்த்து மூன்று புட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார். அரசு மாதிரிகளைக் காய்கறிப் பையில் கொண்டுவந்ததற்கு விளக்கம் கேட்டு அன்றே மெமோ கொடுத்தேன். புட்டிகள் முறையாகக் கிருமிநீக்கம் செய்யப்பட்டிருந்தன, ஐஸில் இருந்தன, வந்து சேர அரை மணி நேரம்கூட ஆகவில்லை என்பதெல்லாம் மெமோவின் விஷயத்தில் அடங்கவில்லை.

அவர் வீட்டில் என்றைக்குக் காய்கறி தீரும் என்று எந்த டேங்க் ஆபரேட்டருக்கும் தெரியாது. அதுதான் நாங்கள் மூடிவிட்ட அந்த ஆய்வகத்தின் முழு பலம்.

வெளியே சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுப் பெண் மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு மகளிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு இன்னும் தேவலையாகல. சோறே எறங்கல. கண்ணு மஞ்சப் பூத்துப் போச்சி. வெயில் சூடுன்னு சொல்றாங்க. கீழாநெல்லி அரைச்சிக் குடுக்குறேன்."

நான் வாசலுக்குப் போனேன். "எத்தனை நாளா?"

"பத்து நாளு இருக்கும்மா. கடைசி வூட்டு அண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சி, இப்ப சரியாயிட்டாரு."

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? என்னா தண்ணி குடிக்கிறாரு?"

"லேப் தண்ணிதாம்மா! வேற தண்ணி குடுப்பனா?" அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்க சுத்தமாத்தான் இருப்போம்."

காமாலையில் ஒரு வகை தண்ணீரில் வருவது. சாக்கடை கலந்த குழாயிலிருந்து வரும். குடிப்பது லேப் தண்ணீரானாலும் டம்ளர் கழுவுவதும் வாய் கொப்பளிப்பதும் மற்ற நாள் தண்ணீரில்தான். பெரும்பாலானவர்கள் சில வாரம் படுத்து எழுந்துவிடுவார்கள். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருக்கும் பெண்களிடம் மட்டும் அது அவ்வளவு இரக்கம் காட்டுவதில்லை. பயிற்சி வகுப்புகளில் இந்த வரியை நானே எத்தனையோ முறை படித்துக் காட்டியிருக்கிறேன். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். மதிலோரம் நின்றபோது அந்த வரி ஞாபகம் வந்தது. மகள் பக்கத்தில் நின்று பக்கத்து வீட்டுக்காரி கொடுத்த முருங்கைக்கீரையை வாங்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் அவள் கண்ணின் வெண்மையைப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. எனக்கு அப்படித் தெரிந்தது. பிறகு சந்தேகம் வந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் என் கைப்பையில் ஒரு சின்னச் சோதனைக் குழாயும் ஒரு சொட்டு மருந்தும் இருக்கும். சிலர் தைலம் வைத்திருப்பதுபோல. தண்ணீரில் குளோரின் இருந்தால் சொட்டு விட்டதும் மஞ்சளாகும். எவர்சில்வர் குடத்துத் தண்ணீரில் விட்டேன். நிறம் மாறவில்லை. அன்றைக்கு வியாழன், பிடித்து இரண்டு நாளாகிவிட்டது, குளோரின் பறந்திருக்கும். குழாய்த் தண்ணீரில் விட்டேன். அதுவும் நிறமில்லாமலே நின்றது. மஞ்சள் வரவேண்டிய இடத்தில் இல்லை. வரக்கூடாத இடத்தில், அடுத்த வீட்டில், வந்திருந்தது.

"இனிமே இந்தக் குடத்துத் தண்ணியத் தொடாத. கொதிக்க வெச்சதத்தான் குடிக்கணும்" என்றேன்.

"ஏம்மா? ரிப்போர்ட்ல குடிக்கலாம்னுதான போட்டிருக்கு. டேங்க் தூண்லயே ஒட்டியிருக்காங்க. நீ வேல பாத்த லேப்மா அது."

போய்ப் பார்த்தேன். ஒட்டியிருந்தார்கள். வாரா வாரம் வந்த அறிக்கைகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பசை தடவி. கிருமி இல்லை, கிருமி இல்லை, கிருமி இல்லை. ஒவ்வொன்றும் உண்மை. அந்தச் செவ்வாய்க்கிழமை, அந்த நேரம், அந்தக் குழாயில் கிருமி இல்லை. சர்வீஸில் எத்தனையோ கெட்ட அறிக்கைகளில் தயங்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நல்ல அறிக்கைகளைப் பார்த்துப் பயந்தது அன்றைக்குத்தான்.

சாயங்காலம் தண்ணீர் திறக்க டேங்க் ஆபரேட்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நல்ல மனிதர். பக்கத்து வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாக அவரே சொல்லியிருந்தாராம். தினமும் ஏன் பவுடர் போடுவதில்லை என்று கேட்டேன். ஒளிக்கவில்லை.

"மாசத்துக்குக் குடுக்கறது ஒரு மூட்டைம்மா. தெனம் போட்டா பத்து நாள்ல காலி. அப்பறம் ஜனங்க வேற, நாத்தம் ஜாஸ்தியா இருக்குது, டீயே வாய்ல வெக்க முடியலன்னு சண்டைக்கு வர்றாங்க. வண்டி வர்ற அன்னிக்கி போடலன்னா எனக்கு மெமோ வருது. அதான் திங்கக்கெழம சாயங்காலம் நல்லா போட்டு வுட்டுடுவேன்."

"முன்னாடி எப்படிப் பண்ணீங்க?"

"முன்னாடி சைக்கிள்ல ஒருத்தரு வருவாரும்மா. எப்ப வருவாருன்னு சொல்ல முடியாது. அந்த ஆளுக்குப் பயந்துகிட்டு தெனம் கொஞ்சங் கொஞ்சமா போட்டுகிட்டு இருந்தேன்." சிரித்தார். "இப்ப தொல்லையில்ல. எந்தப் புண்ணியவானோ செவ்வாக்கெழமன்னு கரெக்டா போட்டுக் குடுத்துட்டாங்க. நல்லா இருக்கணும் அவுங்க."

நன்றாக இருக்கச் சொல்லி வாழ்த்து வாங்கிக்கொண்டு, நான் என்று சொல்லாமல் வீட்டுக்கு வந்தேன். சொல்லியிருக்கலாம். சொல்லத் தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை கடலூர் ஆய்வகத்துக்குப் போன் செய்தேன். பொறுப்பில் இருப்பவர் என்னிடம் வேலை கற்றவர்.

"மேடம், இன்னிக்கி வெள்ளி. வண்டி பண்ருட்டிக்குப் போயிருக்கு. அந்தப் பக்கம் செவ்வாய்தான். நீங்க போட்ட அட்டவணதானே மேடம்."

"நானே எடுத்துட்டு வரேன்."

"தனியார் மாதிரின்னா உதவிப் பொறியாளர் கடுதாசி வேணும். இல்லாம பதிவு நம்பர் போட முடியாது. அதுவும் நீங்க எழுதினதுதான் மேடம்."

"அதே குறிப்புல பதினோராவது பத்தியப் படிங்க. தரக் கட்டுப்பாட்டு மாதிரி எந்த நாளும், எந்த இடத்துலேர்ந்தும் எடுக்கலாம். கடுதாசி வேணாம்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "ஆமா மேடம், இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்லையே?"

"இல்ல. நானும் எடுத்ததில்ல" என்றேன்.

புட்டி கிடையாது. ஜாம் பாட்டிலைக் கழுவி, வாயில் காகிதம் கட்டி, மகளின் குக்கரில் வைத்துக் கால் மணி நேரம் ஆவியில் வேகவைத்தேன். ஆய்வகத்தில் இதே வேலையைச் செய்யும் பெரிய பாத்திரத்துக்கும் குக்கருக்கும் விலையைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை. குழாயின் வாயைத் தீயால் சுட்டு, தண்ணீரைச் சற்று ஓடவிட்டுப் பிடித்தேன். ஐஸை ஒரு டப்பாவில் போட்டு பாட்டிலை நடுவில் செருகினேன். வைத்து எடுத்துப் போக வீட்டில் ஒரே ஒரு பைதான் கிடைத்தது. கட்டம் போட்ட காய்கறிப் பை.

மகளுக்கு அன்றும் மறுநாளும் ஆபீஸில் பொறுப்பு ஒப்படைக்கும் வேலை. மருமகன் வெளிநாட்டில். "நாளன்னிக்கி வந்து கூட்டிட்டுப் போறேன், ஒம்பதாம் மாசம் வரைக்கும் காத்திருக்க வேணாம்" என்றேன். "அதுக்குள்ள என்னா அவசரம்?" என்றாள். கொதித்து ஆறிய தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி அவள் கைப்பையில் வைத்துவிட்டுக் கிளம்பினேன். காரணத்தை முழுதாகச் சொல்லவில்லை. பயத்தையும் சேர்த்துச் சுமக்க அந்த வயிற்றில் இடம் இல்லை.

சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். அன்றைய பயணம் மாதிரி நீண்டதில்லை. புதுச்சத்திரம் தாண்டும்போது பையின் அடி நனைந்திருந்தது. ஆலப்பாக்கத்தில் பக்கத்து சீட்டு அம்மா, "மீனா?" என்று கேட்டாள். "தண்ணி" என்றேன். சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள். சிப்காட் வாசலில் லாரிகள் குறுக்கே நின்று பஸ் நகரவில்லை. நான் மடியில் பையை அணைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். ஐஸ் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்று ஒரு கணக்கு. குடித்த நாளிலிருந்து கண் மஞ்சளாவதற்கு எத்தனை வாரம் என்று இன்னொரு கணக்கு. முதல் கணக்குக்கு மணி நேரத்தில் விடை வந்தது. இரண்டாவது இரண்டு வாரத்தில் தொடங்கி இரண்டு மாதம் வரை போயிற்று. பிரசவ தேதி அதற்கு நட்டநடுவில் இருந்தது.

தூரத்தை நான் பாதகங்கள் பக்கத்தில் எழுதியிருந்தேன் என்று சொன்னேன் அல்லவா? எழுதும்போது அது வெறும் கிலோமீட்டர்.

ஆய்வக வாசலில் மாதிரி வாங்கும் மேசையில் அந்தச் சைக்கிள்காரர் உட்கார்ந்திருந்தார். இணைப்புக்குப் பிறகு கடலூருக்கு மாற்றி, புட்டிகளில் லேபிள் ஒட்டும் வேலை கொடுத்திருந்தார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. நான் பையை மேசையில் வைத்தேன். பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மேடம், காய்கறிப் பையா? மெமோ டைப் பண்ணச் சொல்லட்டுமா?"

"பண்ணுங்க. விளக்கத்தையும் சேத்து எழுதித் தரேன்" என்றேன். சிரிக்கத்தான் நினைத்தேன். முடியாமல் பாட்டிலை எடுத்து அவர் முன் வைத்தேன்.

அவர் உடனே எழுந்து பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எந்த ஊரு தண்ணி மேடம்?" சொன்னேன். "யாரு இருக்காங்க அங்க?"

"எம் பொண்ணு. எட்டாம் மாசம்."

அவர் மணியைப் பார்த்து லேபிளில் எழுதினார். லேபிள் ஒட்டி, தானே உள்ளே எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மகளைக் கூட்டிவர நான் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தபோது அவரே போன் செய்தார். அன்று அவருக்கு விடுமுறை, இதைப் பார்க்கவென்றே ஆய்வகம் போயிருக்கிறார். சோதனைக் குழாய்களில் ஊற்றியிருந்த ஊதாக் கரைசல் கிருமி வளர்ந்தால் மஞ்சளாக மாறும்.

"எல்லாக் குழாயும் மஞ்சளாயிடுச்சி மேடம். ஒண்ணுகூட பாக்கியில்ல. பாப்பாவ இட்டுனு வந்துடுங்க."

அன்று மத்தியானத்துக்குள் இட்டுக்கொண்டு வந்துவிட்டேன். வருவதற்குமுன் தெருவில் வீடு வீடாகப் போய்க் கொதிக்கவைத்துக் குடிக்கச் சொன்னேன். பக்கத்து வீட்டுப் பெண் மட்டும் கேட்டாள், "அப்ப தூண்ல ஒட்டியிருக்கறது பொய்யா?" பொய்யில்லை என்பதை எப்படி விளக்குவது? அவள் கணவர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். டேங்க் ஆபரேட்டரிடம் அந்தப் புண்ணியவான் நான்தான் என்பதை இம்முறை சொல்லிவிட்டேன். "தெனம் போடறேம்மா, மூட்டைய ஜாஸ்தியா குடுக்கச் சொல்லுங்க" என்றார்.

துறைக்கு எழுதினேன். வண்டி வரட்டும், கிழமை மட்டும் யாருக்கும் தெரியாமல் மாறிக்கொண்டே இருக்கட்டும், மாதத்தில் சில மாதிரிகளை அந்தந்த ஊர்க்காரர் ஒருவர் தன் இஷ்டப்படி எடுக்கட்டும் என்று இரண்டு பக்கம். பதில் வந்தது. சாக்கடையோரம் கசிந்திருந்த ஒரு குழாயைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டார்களாம். கிழமையை மாற்றுவது பற்றி, நிலையான அட்டவணையின் நன்மைகள் முன்னரே விரிவாக ஆராயப்பட்டுவிட்டன என்று எழுதி, ஆராய்ந்த குறிப்பின் நகலை இணைத்திருந்தார்கள். கீழே என் கையெழுத்து. நல்ல கையெழுத்து, தெளிவாக இருக்கிறது.

மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அறிக்கை வந்தது. டாக்டர் கவலை வேண்டாம் என்றார். எந்தக் கிழமை எடுத்த ரத்தம், எத்தனை மணிக்கு ஆய்வகம் போனது என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கேட்டு என்ன பயன், அது அன்றைய ரத்தத்தின் அறிக்கை. வாரங்கள் இன்னும் பாக்கியிருக்கின்றன.

அதனால் தினமும் காலையில் காபி கொடுக்கும் சாக்கில் அவளை ஜன்னலோரம் உட்காரவைக்கிறேன். கடலூர்க் காலை வெளிச்சம் கூசாமல் சுத்தமாக விழும் இடம் அது. டம்ளரை நீட்டும்போது கண்ணைப் பார்க்கிறேன். இன்று வெள்ளை. நேற்றும் வெள்ளை.

"என்னாம்மா எங் கண்ணயே பாக்குற?"

"தூசி விழுந்திருக்கான்னு பாத்தேன்."

"தெனமுமா விழும்?"

"ஒரு நாள் மட்டும் பாத்தா போதாதுடி" என்றேன். "குடி, ஆறுது."